முதற்பக்கத் திருத்தம்

தலைமை தாங்கும் தம்பிமுத்து ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குணேஸ்வரி அக்கா அவர்களே, ‘அயல்’ மாத இதழை வாசித்தவர்களே, வாசிக்காமலே ஏசியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அக்காவின் கணவர், மறைந்த ‘அயல்’ ஆசிரியர் உருத்திரமூர்த்தி அவர்களைப் புகழ்ந்து பேச என்னை ஏன் அழைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று வருடமாக நானும் அவரும் பேசவில்லை. இந்த மண்டபத்தில் அது தெரியாதவர் யார்?

பகலில் சென்ட் லோரன்ட் பகுதி மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி, மாலையில் பத்திரிகை செய்தவர் அவர். நான் துணை ஆசிரியர். இரண்டாயிரத்து இரண்டு சித்திரையில் பலஸ்தீன அகதி முகாமொன்றுக்குள் இஸ்ரேலியப் படை புகுந்தது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள் என்று முதற்பக்கத்தில் எழுதினேன். பெரிய பத்திரிகைகள் பலவும் அப்படித்தான் எழுதின. பின்னர் வந்த விசாரணைகள் ஐம்பதைச் சற்றுத் தாண்டிய தொகை என்றன.

உருத்திரமூர்த்தி என்ன செய்தார்? அதே முதற்பக்கத்தில், அதே இடத்தில், அதே பருமனான எழுத்தில், என் பெயரையும் போட்டுத் திருத்தம் வெளியிட்டார். பிழை எங்கே வந்ததோ திருத்தமும் அங்கேதான் வரவேண்டும் என்பது அவருடைய சட்டம். முகாமுக்குள் செய்தியாளரை விடாமல் மறித்தது யார்? அதை ஏன் அவர் முதல் வரியாகப் போடவில்லை? இன்றைக்கும் கேட்கிறேன். அன்றைக்கும் கேட்டேன்.

“அது மூன்றாவது வரியில கிடக்கு, தம்பி” என்றார். “ஐம்பது பேர் செத்தது காணாதோ? நாங்கள் கூட்டிச் சொன்னா, செத்த அந்த ஐம்பதையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

நான் விலகினேன். ரொக்ஸ்பரோவில் கடை வைத்திருக்கும் கணேசலிங்கம், திருத்தம் வந்த பத்திரிகைக் கட்டை உருத்திரமூர்த்தியிடமே திருப்பிக் கொடுத்தார். “அண்ணை, இஸ்ரேல்காரன்ர பேப்பர் எங்கட கடையில வேண்டாம்.” அடுத்த மாதம் உருத்திரமூர்த்தி, சோதனைச்சாவடிகளில் பலஸ்தீனர் படும் பாட்டை எழுதினார். பலஸ்தீனக்காரன்ர பேப்பர் என்று ஒருவர் தொலைபேசியில் ஏசினாராம். “நல்லம், ரெண்டு பேர் வாசிக்கினம்” என்றாராம் இவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கமில்லாத மனிதன் நெஞ்சில்லாத மனிதன் என்று போன இடமெல்லாம் சொன்னேன்.

இப்போது உங்கள் கைகளில் இருக்கும் அஞ்சலி இதழை, அக்கா கேட்டதால், நான்தான் தயாரித்தேன். இறந்தவரைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுத வேண்டுமே. ‘எந்தப் பக்கமும் சாயாத ஆசிரியர்’ என்று முதற்பக்கத்தில் பெரிதாகப் போட்டேன். சற்று முன்னர் வாசலில் வைத்து அக்கா அதைப் பார்த்தார்.

“இது பிழையெல்லோ? அவர் சாய்ஞ்ச ஆள். அந்த முகாம் இடிஞ்ச படம் ரிவியில வந்த நேரம் எழும்பிப் போய் குளியலறைக்குள்ள நிண்டு அழுதவர். எங்கட திருகோணமலை வீடு மாதிரிக் கிடக்கு எண்டவர். திருத்தம் எழுதின அண்டும் அழுதவர்.”

அப்படியென்றால், தான் சாய்ந்த பக்கத்துக்கே உவப்பில்லாத உண்மையை முதற்பக்கத்தில் போட்ட மனிதனை நான் என்னவென்று அழைப்பது? நெஞ்சில்லாதவர் என்று சொல்ல முடியவில்லை. நடுநிலையாளர் என்றும் சொல்ல முடியவில்லை. அவர் மீதான கோபமும் போகவில்லை. அதை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை.

ஆனால் ‘அயல்’ நிற்காது. அடுத்த இதழை நான் கொண்டுவருவேன். அதன் முதற்பக்கத்தில், அதே இடத்தில், அதே பருமனான எழுத்தில், என் பெயரோடு ஒரு திருத்தம் வரும்: உருத்திரமூர்த்தி சாய்ந்தவர்.

ரொக்ஸ்பரோவுக்கும் ஒரு கட்டு வரும், கணேசலிங்கம். திருப்பித் தருவதானால் என்னிடம் தாருங்கள்.