மரிசோலின் முடிச்சு

பணிநாளில் பான்சிட் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் அறுவைப் பிரிவில் எழுதாத சட்டம், வக்கீலம்மா. சாப்பிட்டால் அந்த நூடுல்ஸ் நீளத்துக்கு நோயாளிகள் வந்து நிற்பார்கள் என்று மணிலாவில் எந்த ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். நான் படித்தவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் சாப்பிடமாட்டேன்.

எங்களிடம் அறுவைப் பயிற்சியில் இருந்த மரிசோல் அபயோன் தன் பிறந்தநாளுக்குப் பெரிய தட்டு நிறையப் பான்சிட் கொண்டுவந்தாள். பிறந்தநாளில் தின்றால் ஆயுள் நீளும் என்பது வீட்டு வழக்கம். சமார் தீவில் கருவாடு காயப்போடுகிற குடும்பத்துப் பெண். ஆஸ்பத்திரி வழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலையே ஒரு பேருந்து கவிழ்ந்து, வராந்தா வரைக்கும் அடிபட்டவர்களைக் கிடத்த வேண்டியதாயிற்று. கை கழுவிக்கொண்டே நான் விளையாட்டாகச் சொன்னேன்.

"இந்தப் பொண்ணுக்குப் பின்பக்கம் மச்சம் இருக்கும்போல. வந்தாலே வினையக் கூட்டிட்டு வருது."

உட்காரும் இடத்தில் மச்சம் உள்ளவர் ராசியில்லாதவர் என்பது எங்கள் ஊர்க் கேலி. எல்லோரும் சிரித்தார்கள். மரிசோலும் சிரித்தாள்.

"கண்ணாடி வச்சுப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன் டாக்டர்" என்றாள். வாய் கொஞ்சம் நீளம். எனக்கு அது பிடிக்கவும் செய்தது.

எங்கள் பயிற்சி முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆறு பேரைச் சேர்த்து, ஆண்டுக்கு ஆண்டு கழித்துக்கொண்டே போய், கடைசியில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வோம். அந்த ஒருவர் அறுவை மருத்துவர். மற்றவர்கள் எங்காவது போய்க் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதலாம். அந்த ஆண்டு மிஞ்சியவர்கள் இரண்டு பேர்: மரிசோல், என் மகன் இனீகோ.

துறைத்தலைவரின் மகன் என்றால் எல்லாம் தட்டில் வைத்துக் கிடைத்துவிடும் என்று உலகம் நினைக்கிறது. அவன் நன்றாகச் செய்தால் 'அப்பா இருக்காருல்ல' என்பார்கள். தவறினால் 'அப்பா இருந்துமா' என்பார்கள். இந்த அநியாயத்தை யாராவது பேசுகிறார்களா? நான் அதைச் சரிக்கட்ட முயன்றேன், அவ்வளவுதான். நல்ல அறுவைகளை அவனுக்கு ஒதுக்கினேன். மரிசோலை வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கியோடு நிறுத்தினேன். மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டு நிற்பாள், முகம் சுளிக்கமாட்டாள்.

பிடித்துக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பயிற்சியாளர்கள் ஓய்வெடுக்கும் அறையின் கதவுப் பிடியில் வரிசையாக நூல் முடிச்சுகள் தொங்கும், எல்லாம் அவள் போட்டது. ஒருநாள் யாரும் இல்லாதபோது ஒன்றை இழுத்துப் பார்த்தேன். பிடிதான் ஆடியது. பக்கத்தில் இனீகோ போட்டவையும் ஒன்றிரண்டு இருந்தன. அவற்றைப் பற்றி இப்போது வேண்டாம்.

தேர்வுக் குழுவின் மூத்தவர் கிழவர் எவரிஸ்தோ என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

"ஹொனோரியோ, உன் பையன் கெட்டிக்காரன்தான். ஆனா அந்தப் புள்ள கை இருக்கே... அது உனக்கும் வராது எனக்கும் வராது. ராசி இல்லங்குறாங்க, அது ஒண்ணுதான் இடிக்குது."

"ராசியெல்லாம் நம்ம பேசலாமா சார்" என்றேன்.

"பேசக் கூடாதுதான். ஆனா என் வீட்டு ஆள அவ கையில குடுக்கணும்னா நான் யோசிப்பேன்."

நான் விளையாட்டாகச் சொன்ன சொல் அவ்வளவு தூரம் போயிருந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல. ஆனால் வெறும் பேச்சு மட்டும் போதாது என்பதும் அப்போது தெரிந்தது.

மாங் டோரோ ஜீப்னி என்கிற சவாரி வண்டி ஓட்டுபவர், பித்தப்பையில் கல். மரிசோலுக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும், இல்லையென்றால் ஓரவஞ்சனை ஆகிவிடும். அதனால் அந்த அறுவையை அவளிடம் கொடுத்து, நானே உதவிக்கு நின்றேன். மயக்கம் கொடுக்கும் முன் அவர் அவளிடம் சொன்னார்.

"கல்ல எங்கிட்டயே குடுத்துரும்மா. வண்டி முன்னாடி மாதா படத்துக்குக் கீழ மாட்டிக்கிறேன். திருஷ்டி படாது."

"மாட்டுங்க மாங் டோரோ. முதல் சவாரி நான்தான், காசு தரமாட்டேன்" என்றாள்.

அழகான அறுவை. அப்படி ஒன்றை நான் செய்ததில்லை. பையை எடுத்ததும் கல்லை வெளியே கொண்டுபோய் உறவினர்களிடம் காட்டுவது எங்கள் வழக்கம். அறுத்தவரே போய்க் காட்டினால் அவர்களுக்கு நிறைவு. நான் அவளைப் போகச் சொன்னேன்.

"மூடுறதுக்கு முன்னாடி நான் கட்டுன ரத்தக்குழாய இன்னொரு தடவ பாக்கணும் டாக்டர்."

"நான் பாக்குறேன். வெளிய அவர் சம்சாரம் அழுதுட்டு நிக்குது, நீ போ."

போனாள். நர்ஸ் திரும்பி நின்று பஞ்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன், மூடினேன்.

வார்டில் அவர் விழித்து, இருமி, ரத்த அழுத்தம் ஏறியதும் உள்ளே ரத்தம் கசியத் தொடங்கியது. மரிசோல் ஓடிவந்து மறுபடி வயிற்றைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் மனைவி வெளியே கல் இருந்த குப்பியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மரிசோல் அந்த அம்மாள் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் நல்லாத்தான் கட்டுனேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிச்சு நழுவியது என்று அறிக்கை சொல்கிறது. யாரும் அந்த முடிச்சைத் தேடிப் பார்க்கவில்லை. வேறு யாருடைய நோயாளியாக இருந்தாலும் பார்த்திருப்பார்கள். இவள் விஷயத்தில் காரணம் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. கிழவர் எவரிஸ்தோ கூடச் சிலுவை போட்டுக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். தேர்வு நடந்த அறைக்குள் நான் கால் வைக்கவே இல்லை. சொந்த மகன் விஷயத்தில் ஒரு மனிதன் அவ்வளவு நேர்மையாவது காட்ட வேண்டும். இனீகோவைத் தேர்ந்தெடுத்தார்கள். மரிசோல் சமாருக்குத் திரும்பிப் போனாள். அறுவை செய்ய அவளுக்குத் தடை.

அந்த முடிச்சு நழுவவில்லை, வக்கீலம்மா. அவள் போட்ட முடிச்சு எதுவும் நழுவாது, இழுத்துப் பார்த்தவன் சொல்கிறேன். அவள் கல்லைக் காட்டப் போயிருந்தபோது இடுக்கியின் முனையால் நான்தான் தளர்த்தினேன். அதற்கே கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்டீர்கள். எனக்கும் பித்தப்பையில் கல். எண்ணெய் பட்டால் வலி சுருட்டிப் பிடிக்கிறது. "பா, நானே பண்றேன். நாளைக்கே வேணாலும்" என்கிறான் இனீகோ. இன்று நேரமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தட்டிக்கழித்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தை வைத்து மரிசோலின் தடையை நீக்குங்கள். மீதிப் பயிற்சியை அவள் முடித்துவிட்டு வரட்டும். அதுவரை உப்புக் கஞ்சி குடித்துக்கொண்டு சிறையில் பொறுத்திருப்பேன். என் வயிற்றை அவள்தான் திறக்க வேண்டும்.

இனீகோவுக்கு இந்தக் கடைசி விஷயம் மட்டும் தெரிய வேண்டாம். அந்த இடம் தன் திறமைக்குக் கிடைத்தது என்று அவன் நம்புகிறான். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.