அஞ்சு தட்டு

ஆபரேட்டர்: ...அசையாதீங்க சார். ஜெல் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்.

சார்: ஆறாவது தடவை. இன்னும் கூச்சம் போக மாட்டேங்குது பாரு.

ஆபரேட்டர்: எனக்கு நாள் பூரா இதே பொழப்பு. நீங்க கண்ணை மூடிக்குங்க. அதிர்வு மெஷினை ஆரம்பிக்கறேன்...

சார்: நிறுத்து! நிறுத்துப்பா!

ஆபரேட்டர்: ஐயோ, வலிக்குதா?

சார்: வலியில்லை. இந்தச் சத்தம்... எல்லா மெஷினும் இப்படித்தானா? டக்டக்குன்னு அஞ்சு தட்டு, அப்புறம் ஒரு நிறுத்தம்?

ஆபரேட்டர்: மெஷின் விடாம அடிக்கும் சார். நான்தான் அஞ்சுக்கு ஒருதரம் நிறுத்தி இடம் மாத்துவேன். என் பழக்கம் அது. வேற யாரும் அப்படிச் செய்யறதில்லை.

சார்: அப்ப என் வீட்டுல எப்படிய்யா கேக்குது?

ஆபரேட்டர்: காதுல அந்த ரீங்காரம் தங்கியிருக்கும்...

சார்: காதுல இல்லை. சுவத்துல. இங்கேருந்து போய்த் தனியறையில தாழ்ப்பாள் போட்டுப் படுப்பேன். புராஸ்டேட் ஆபரேஷன் ஆனதுலேருந்து தனியாத்தான் படுக்கறேன். பட்டப்பகல், மூணு மணி. சுவத்துக்கு அந்தப் பக்கம் அஞ்சு தட்டு. நிறுத்தம். மறுபடி அஞ்சு.

ஆபரேட்டர்: வீட்டுல அம்மா இருப்பாங்களே?

சார்: அவ டீச்சர். அஞ்சு மணிக்கு முன்னாடி வரமாட்டா. வீட்டுல ஈ காக்கா கிடையாது.

ஆபரேட்டர்: சும்மா பயமுறுத்தாதீங்க சார். எனக்கே முடி நட்டுக்குது.

சார்: நேத்து தாங்க முடியலை. நானும் சுவத்துல மூணு தட்டு தட்டினேன்.

ஆபரேட்டர்: அப்புறம்?

சார்: சட்டுன்னு நின்னுபோச்சு. அதுதான்யா இன்னும் பயம்... கேட்டுட்டு இருந்திருக்கு.

ஆபரேட்டர்: அம்மாகிட்ட சொன்னீங்களா?

சார்: எப்படிச் சொல்ல? முதுகுவலிக்கு வைத்தியம்னு சொல்லிட்டு இங்க வர்றேன். ஆம்பளைத்தனம் திரும்பறதுக்கான வைத்தியம்னு தெரிஞ்சா என் மானமே போயிடும். அதுவும், பலிக்குமான்னு டாக்டரே உறுதியாச் சொல்லலை.

ஆபரேட்டர்: தெரியாதா? அப்ப... ஒவ்வொரு தடவையும் வெளிய உக்காந்திருக்கறது யாரு?

சார்: யாரு?

ஆபரேட்டர்: நீங்க உள்ள வந்ததும் ஒரு அம்மா வருவாங்க. கதவை ஒட்டின நாற்காலி. யார்கிட்டயும் பேச மாட்டாங்க. உங்க வீட்டுக்காரங்கன்னு நினைச்சேன்.

சார்: என்கூட யாருமே வரலைய்யா!

ஆபரேட்டர்: மெஷின் ஓடற வரைக்கும் விரலால மடியில தட்டிக்கிட்டே இருப்பாங்களாம், நர்ஸ் சொல்லுச்சு. நீங்க எழுந்துக்கறதுக்குள்ள ஆளே இருக்க மாட்டாங்க.

சார்: மெஷினை முதல்ல அணை.

ஆபரேட்டர்: அப்பவே அணைச்சுட்டேன் சார்.

சார்: அப்ப இது... கேக்குதா? அஞ்சு...

ஆபரேட்டர்: கதவு சார். கதவைத்தான் யாரோ தட்டறாங்க.

சார்: திறக்காதே!

ஆபரேட்டர்: போர்வையை இழுத்துக்குங்க... யாரும்மா நீங்க?

டீச்சர்: அவர் சம்சாரம். கொஞ்சம் வெளிய இருங்க தம்பி.

சார்: நீயா? ஸ்கூல்...?

டீச்சர்: நீங்க இங்க வர்ற நாள்ல எல்லாம் அரை நாள் லீவு போடறேன். உங்க டாக்டர் சீட்டு சட்டைப்பையில இருந்துச்சு. நேர்ல கேட்டா கூனிக் குறுகிப் போயிடுவீங்க. அதான் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கிட்டு, உங்களுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போய்ப் பக்கத்து ரூம்லேருந்து சுவத்துல தட்டினேன். எனக்குத் தெரியும், பரவாயில்லைன்னு உங்களுக்குப் புரியட்டும்னு.

சார்: அடிப்பாவி... உசுரே போயிடுச்சு.

டீச்சர்: நேத்து நீங்க திருப்பித் தட்டினீங்களே. ராத்திரி பூரா தூக்கமில்லை. அது வான்னு தட்டினதா, போன்னு தட்டினதா? அதைக் கேக்கத்தான் வந்தேன்.

சார்: ...போன்னுதான் தட்டினேன். நீன்னு தெரிஞ்சிருந்தாலும் நேத்து அப்படித்தான் தட்டியிருப்பேன். இன்னைக்குத் தாழ்ப்பாள் போட மாட்டேன்.