மூணாம் பட்டை

— கார விட்டு இறங்காதீங்க மாப்ள. எம்மக உள்ள டாக்டர்கிட்ட யோசன கேட்டுட்டு வாரதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும். நாலாவது புள்ள யாருக்கு?

— மாமா, கிளினிக் வாசல்ல வெச்சுக் கத்தாதீங்கலா. கோப்பி ஆறுது, குடிங்க.

— அத நீங்களே ஊத்திக்குங்க. மூணையும் அவ வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாங்க. கடசிப் பொண்ணு பொறந்தப்ப இவளுக்கு ரத்தம் நிக்கல. தோட்டத்துப் பசங்க ராஜுவையும் தர்மாவையும் இழுத்தாந்து ரத்தம் குடுக்க வெச்சது யாரு? நான். நீங்க லூமுட் துறைமுகத்துல ஃபெரி வேலையில கயிறு கட்டிக்கிட்டு இருந்தீங்க.

— தெரியும் மாமா.

— என்ன தெரியும்? சுங்காய் ரப்பர் தோட்டத்துல காலம் பூரா பாலுக்கு மரம் வெட்டுனவன் நான். வெட்டுன எடத்துல பட்டை வளரும், திரும்ப வெட்டுவோம். மூணாம் பட்டை காயிதம் மாதிரி இருக்கும். அதுல கத்தி வெச்சா மரமே போயிரும். இவ மனுசி.

— டாக்டரும் அதான் சொன்னாரு. தையல் போட்ட எடம் மெலிஞ்சு கெடக்காம். இன்னொன்னு தங்குனா கர்ப்பப்பை கிழிஞ்சாலும் கிழியும்னாரு.

— டாக்டருங்க பேச்ச நான் என்னைக்கும் நம்புனதில்ல. கத்தியத் தூக்கிக்கிட்டே அலையிறவங்க. அவங்களே வேணாங்குறாங்கன்னா அப்புறம் என்ன எழவு யோசன? உங்களுக்கு ஆம்பளப் புள்ள ஆச. உங்க ஆத்தா வீரம்மா காதுல ஓதுறா, நீங்க ஆடுறீங்க.

— எங்கம்மாவ இழுக்காதீங்க. அவங்களே வேணாம்னு அழுவுறாங்க.

— அப்ப நீங்கதான்.

— நானும் இல்ல மாமா. எனக்கு மூணு பொண்ணுங்க போதும்லா. நானே குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேசன் பண்ணிக்கிறேன்னு சொன்னேன். பண்ணக்கூடாதுன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. சத்தியம் வாங்கிட்டா.

— பொய்யி. எவளாச்சும் தானே போயி சாவக் கேப்பாளா?

— உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அவ சொன்னா. இவ்ளோ பேசிட்டீங்க, சொல்லிடுறேன். எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் நீங்க என்ன சொல்வீங்க?

— என்னத்தச் சொன்னேன்?

— 'இவனுக்குக் கொள்ளி வெக்க மவன் நிக்கிறான், இந்தச் சன்னாசி அனாதப் பொணம்தான்.' ஒத்தப் பொண்ணு, அவ பக்கத்துலயே நிப்பா. கடசிப் புள்ள பொறந்து அவ கண்ணு முழிச்சப்ப என்ன சொன்னீங்க? 'போச்சு, பேரன் கையாலயும் எனக்குக் கொள்ளி இல்ல.' அவளுக்கு அதான் மாமா மனசுல. புள்ள எனக்கில்ல. உங்களுக்கு.

— அட... அது வாயில வந்துச்சு. சும்மா சொன்னது.

— அவ சும்மான்னு எடுத்துக்கல.

— கதவத் தொறங்க. தொறங்கங்குறேன்! அந்தா எம்மக வாரா. தினேசு! இங்க வாம்மா. ஓடாத, மெதுவா வா.

— என்னாப்பா, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு? ஏர்கோன் போடலியா நீங்க?

— அப்பன் சொல்றதக் கேளு. நான் செத்தா கொள்ளிய நீ வெய்யி. உம்பொண்ணுங்க மூணு பேரும் நெய்ப்பந்தம் புடிக்கட்டும். எவன் கேக்குறான்னு பாக்குறேன். எனக்குப் பேரன் வேணாம். டாக்டர்கிட்டப் போயி, யோசனையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டு வா.

— இத முன்னமே சொல்லியிருக்கக் கூடாதாப்பா? நான் யோசன கேக்கப் போகல. வயித்துல மூணு மாசம். பிரசவத்துக்குப் பேரு பதியப் போனேன்.