ஆவியாகிப்போன புரொப்பெல்லர்

"அச்சு ஆவியாப் போனாத்தான் மச்சான் சாமான் வரும்."

கல்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த வார்ப்புப் பட்டறைக்காரர் இதைச் சொன்னார். பக்கத்தில் இருந்த போட்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"மீன்பெட்டிட வெள்ள நுரை ரெஜிபோம வெட்டி, புரொப்பெல்லர் மாதிரியே அச்சு செஞ்சி தந்தேனே. அதையா எரிச்ச?"

"எரிக்கல்ல. காஞ்ச மண்ணுக்குள்ள அதப் புதைச்சி, பம்பால காத்த உறிஞ்சி எடுக்கிற. மண் கல்லு மாதிரி இறுகும். அலுமினியத்த உருக்கி ஊத்தினா ரெஜிபோம் ஆவியாப் போகும். அந்த இடத்தில அலுமினியம் நிக்கும்."

"நிண்டிச்சா?"

"ஊத்தக்குள்ள கரண்ட் போச்சி. பம்ப் நிண்டு, மண் சரிஞ்சி போச்சி."

"பக்கத்தில நுரைச்சோலை பிளான்ட்ல ஊருக்கெல்லாம் கரண்ட் செய்றானுகள். ஒனக்கு மட்டும் இல்லையா?"

பின்னால் இருந்த எனக்குப் பாதிதான் விளங்கியிருந்தது.

"சரி, உடு. போட் கரையில கிடக்கு. ஒனக்கிட்ட தந்த என்ட பழைய புரொப்பெல்லரத் தா. ஒரு பக்கந்தானே உடைஞ்சிருந்த. அதப் பாத்து இன்னொண்டு வெட்டுறேன்."

"அதத்தானே மச்சான் உருக்கி ஊத்தின. நல்ல அலுமினியம், வெளிய வாங்காத எண்டு நீதானே சொன்ன?"

பட்டறைக்காரர் காலடிப் பையைத் திறந்து, மண் ஒட்டிய அலுமினியக் கட்டி ஒன்றை எடுத்து போட்காரரின் மடியில் வைத்தார். அவர் அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார்.

"அப்ப இது பழசா, புதுசா?"