ஈய வரம்பைக் காத்த நமுகோலோ லிகாண்டோ அம்மையாருக்கு

கண்ணாடிக் குழாய்களோடு கண் பூத்த கண்ணியமே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இண்டோலா நகர மருந்துச் சோதனைக்கூடத்தில் நின்று நின்றே நீர்கோத்த கால்களோடு இன்று ஓய்வு பெறும் எங்கள் பாமாயோ, எங்கள் தாயே!

'அளவில் பிசகாத அம்மையே' என்றுதான் இம்மடலை முதலில் தொடங்கினோம். படித்துப் பார்த்த தாங்கள், "அந்த வரியை அடிச்சுடுங்க. பிசகினேன். அதையும் எழுதினாத்தான் மேடைக்கு வருவேன்" என்றீர்கள். ஆகவே அவையோரே, நடந்ததைச் சொல்கிறோம்.

காலரா கண்ட மழைக்காலம் அது. உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பொட்டலங்கள் சோதனைக்குக் குவிந்தன. அவற்றில் ஈயம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கைத் தாண்டக் கூடாது. அளவு தெரிந்த ஈயத் திட்டக் கரைசல் ஒரு குழாயிலும், பொடிக் கரைசல் மறு குழாயிலும் வினைபொருள் விட்டதும் நிறம் மாறும். பொடியின் நிறம் திட்டக் கரைசலைவிடக் கறுக்காதிருந்தால் தேர்ச்சி.

ஒரு வியாழன் பிற்பகல் நமுகோலோ அம்மையார் புதிய திட்டக் கரைசல் தயாரித்தார். பழையதன் அருகே வைத்தால், புதியது பாதி நிறம்தான் காட்டியது. பழையதைத் தயாரித்த நாளின் பதிவேட்டைப் புரட்டினார். அவர் கையெழுத்தேதான்: ஒரு மில்லி மூலக்கரைசலை நூறு மில்லியாக்க வேண்டியவர், ஐம்பது மில்லிக் குடுவையை எடுத்திருக்கிறார். திட்டக் கரைசலில் ஈயம் இருமடங்கானது; அதோடு வரம்பும் இருமடங்கானது. அதை வைத்துத் தேர்ச்சி தந்தவை ஆறு தொகுதிகள். 

பதிவேட்டோடு இயக்குநர் கபாசோவிடம் போய்ச் சொன்னார்.

"நமுகோலோ அம்மா, ஊரே வாந்தி பேதியில கெடக்கு. இப்பப் போய் மருந்தைத் திருப்பிக் கேட்டா நம்மளை உதைப்பாங்க. யாருக்குத் தெரியும்? விடுங்க."

"எனக்குத் தெரியுமே சார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஆறையும் திரும்பச் சோதிக்க விடுங்க, அப்புறம் திட்டுங்க."

இரண்டே நாளில் முடித்தார். ஐந்து தேறின. ஆறாவது கறுத்தது. அதுவோ ஏற்கெனவே ஒரு குடியிருப்பு மருத்துவமனைக்குப் போயிருந்தது. தேறிய பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அவரே போனார். செவிலி சோம்பா வாசலை மறித்தாள்.

"குடுக்க வந்தியா, புடுங்க வந்தியா? உள்ள நாப்பது பிள்ளைங்க படுத்திருக்கு!"

"ரெண்டுக்கும்தான் தாயி. முதல்ல நல்லதை இறக்கு, அப்புறம் கெட்டதை எடுத்துக்கறேன். தப்பு என்னோடது."

 சோம்பா ஒரு பெட்டியின் மறுமுனையைத் தூக்கினாள். அன்று எந்தப் பிள்ளைக்கும் மருந்து தடைபடவில்லை.

அதற்குப் பரிசாகக் கண்டனக் கடிதம் வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. பத்தொன்பது ஆண்டுகள் அதே மேசையில் நின்றார். அவருக்காக அன்று ஒரு சொல்லும் பேசாதவர்கள், அம்மையே, நாங்கள்தான். கூசிச் சொல்கிறோம். சென்ற வாரம் அக்கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடவா என்று தங்களிடம் கேட்டோம்.

"எதுக்கு? அதுல எழுதினது பொய்யில்லையே" என்றீர்கள்.

அயர்ந்த அன்னையே! இனி மணிச்சத்தமின்றி விழிப்பீர்களாக. கால் நீட்டி அமர்ந்து, கபெண்டாப் பொடிமீன் குழம்போடு சுடச்சுட இன்ஷிமாச் சோளக்களி உண்டு, நோயின்றி நெடுநாள் இருப்பீர்களாக!

தலைகுனிந்து வணங்கும்,
சோதனைக்கூடப் பணியாளர்கள்