அழித்த பெண்கள்

தல்லாகுளத்தில் பஸ் ஏறி விளாங்குடி போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். கண்ணாடி போட்டவன் சொன்னான்:

“அழிச்ச பொண்ணுக பூராம் திரும்பி வந்துருச்சுக மாப்ள.”

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“எந்தப் பொண்ணுகடா?” என்றான் பக்கத்திலிருந்தவன்.

“டிபேஸ்னு அந்தக் காலத்துப் பதிவு ஃபைல, விண்டோஸ் இல்லாம லினக்ஸ்ல ஓடுற கம்ப்யூட்டர்ல தொறந்து பாக்க ஒரு புரோகிராம் எழுதுனேன்ல? லினக்ஸ்காரங்க எல்லாரும் இறக்கிக்கிற மாதிரி அதக் கட்டி நெட்ல போட்டேன். ஓட்டிப் பாக்க ஒரு ஃபைலும் கூட வைக்கணும். நம்ம சங்கத்துல வரன் தேடுற பொண்ணுக பதிவு என்கிட்டதான இருக்கு, அத வச்சேன்.”

“அடப்பாவி! பேரு, ஜாதகத்தோடயா?”

“எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் வச்சேன். டிபேஸ்ல அழிச்சா அழியாது மாப்ள, அழிச்சதுன்னு ஒரு குறி மட்டும்தான் விழும். என் புரோகிராம் அந்தக் குறியப் பாக்காம எல்லாத்தையும் காட்டுது. ஜெர்மனிக்காரன் ஒருத்தன் பிரமாதமா ஓடுதுன்னு மெயில் போட்டிருக்கான்.”

“எங்க அக்கா பேரு?”

“ரெண்டு தடவ இருக்கு. மொத இருவத்தொம்பது வயசுன்னு. பெறகு உங்கப்பா வந்து மாத்தச் சொன்னாருல்ல, அத அழிச்சுட்டுப் புதுசாப் போட்ட இருவத்தாறு.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“எங்க அக்காவுக்கு நிச்சயம் பண்ணிருக்க மாப்பிள்ளை பெங்களூர்ல என்ன வேல பாக்குறாருன்னு தெரியும்ல?”

“கம்ப்யூட்டர்தான?”

“லினக்ஸ்.”