கை பிடித்து எழுதிய சொல்

டீ வேண்டாம் வக்கீல் சார். காலையில் ஒரு டீக்கு மேல் போனால் எனக்கு நெஞ்செரியும். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. கிட்டுசாமியின் அப்பீலுக்காக, அந்த ஞாயிற்றுக்கிழமை பல்லடம் வீட்டில் என்ன நடந்தது என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன்.

என் பெயர் முத்துப்பேச்சி, ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரர் ஜெயபாண்டியும் திருப்பூருக்குப் பிழைக்க வந்தோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங், அவர் கிட்டுசாமியின் சாயப்பட்டறையில். 2003 கார்த்திகையில் சாயக்கழிவுத் தொட்டியைக் கழுவ இறங்கியவர் விஷவாயு தாக்கி உள்ளேயே இறந்துபோனார். போலீஸ் வந்தபோது கிட்டுசாமி ஒரே வரிதான் சொன்னார்.

"குடிச்சுப்போட்டு அவனா உள்ள உழுந்துட்டானுங்க."

என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார், சார். கழுத்தில் அந்த மாலையோடுதான் அவரை வெளியே தூக்கினார்கள். ஆனால் போலீஸில் எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் என் மாமியார், விரதத்தில் குடித்த பிள்ளையைப் பெற்றேனே என்று சொல்லிச் சொல்லியே செத்தாள். ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்பார்களே, அதை நான் குடும்பத்தோடு படித்தேன்.

பிறகு பேச்சு வராத பிள்ளைகளுக்கான மையம் ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்தேன். கையைப் பழக்குவது, எழுத்துப் பலகையில் தொட்டுப் பேசவைப்பது, எல்லாம் அங்கே கற்றதுதான். 2005இல் பல்லடத்தில் ஒரு வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். அம்மா அபிராமி, பிள்ளை கவிப்பிரியா, பன்னிரண்டு வயது. முதல் ஞாயிறன்று பேத்தியைப் பார்க்கப் பொரி உருண்டையோடு ஒருவர் வந்தார். அபிராமியின் அப்பாவாம். கிட்டுசாமி.

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தொட்டியில் இறங்குகிறவன் பெண்டாட்டியின் முகத்தை எந்த முதலாளி பார்த்திருக்கிறார்? அன்றே நான் வேலையை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு அவர்மேல் அத்தனை வெறுப்பு இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. கவிப்பிரியாவுக்கு எல்லாம் புரியும், வாய்தான் பேசாது, விரல் சொன்னபடி கேட்காது. கயிற்றில் துணிக் கிளிப் மாட்டவைத்தேன். பித்தான்களைப் பொறுக்கி பாட்டிலில் போடவைத்தேன். எட்டு மாதம் கழித்துத்தான் பலகையைக் கொடுத்தேன். முதலில் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், பிறகு முழங்கை, பிறகு தோளில் ஒரு விரல், கடைசியில் கையை எடுத்துவிட வேண்டும். பிடிக்கிற கை பின்னால் இழுத்துப் பிடிக்கலாம், முன்னால் தள்ளவே கூடாது. இது மையத்தில் கற்ற முதல் பாடம். அவள் தொட்ட முதல் சொல் 'ஊடு'. 'வீடு' என்று எழுதத்தானே சொல்லிக்கொடுத்தேன் என்று சிரித்தேன். அபிராமி அழுதாள்.

இரண்டு வருடத்தில் தோள்வரை வந்துவிட்டோம். அவள் தொட்டதை அந்த வீட்டில் எல்லோரும் சாமி வாக்காக எடுத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார் கிட்டுசாமி. அதைக் கேட்ட அன்றுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அவர் ஒரு வரி சொன்னார், நானும் ஒரு வரி சொல்லலாமே. அவர் உயிரையே வைத்திருந்த பேத்தி அவரைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்றாக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு காலை பத்து மணி. கிட்டுசாமி எதிரில் உட்கார்ந்திருந்தார், அபிராமி பக்கத்தில். பிள்ளைக்குக் கை நடுங்குகிறது என்று சொல்லி மறுபடி மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் இழுத்துப் பார்த்தாள். நான் விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தொடத் தொடக் கிட்டுசாமியே வாய்விட்டுப் படித்தார். 'தாத்தா தலகாணி வைத்து மூஞ்சியை அமுக்கினார்.'

அவர் முகம் மாறியபோதுதான் என் தப்பு எனக்கே தெரிந்தது. எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவரும் தாத்தா, அப்பாவைப் பெற்றவரும் தாத்தா. அந்த வீட்டில் கிட்டுசாமி அப்புச்சி. தாத்தா என்றால் அதே வீட்டில் இருந்த, அப்பாவைப் பெற்ற ராசப்பன் மட்டும்தான். அப்புச்சி, இரண்டு வருடம் என் காதில் விழுந்த சொல்தான். ஆத்திரத்தில் கை என் ஊர்ப் பேச்சைப் பேசிவிட்டது.

ராசப்பன் புறக்கடையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கிட்டுசாமி எழுந்து பின்பக்கம் போனார். "ஏனுங்க சம்பந்தி?" என்று ராசப்பன் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. உரிக்கிற கடப்பாரையாலேயே ஒரே அடி. ஆஸ்பத்திரி போகுமுன் உயிர் போய்விட்டது.

கிட்டுசாமி எழுந்து போனதற்கும் அந்தக் குரலுக்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது, சார். அது நான் எழுதினது என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை. ராசப்பன் நல்ல மனிதர், தினமும் பேத்திக்குச் சோறு ஊட்டியவர். அவருக்காக மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. ஆனால் கிட்டுசாமியைச் சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்தேன், என் நெஞ்சு குளிர்ந்தது. குடித்துவிட்டு அடித்தாரா என்று தெருவில் கேட்டார்கள். இருக்கலாம் என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நான் மட்டும் பக்கத்தில் நிற்க, கவிப்பிரியா தானாகப் பலகையை இழுத்தாள். யாரும் பிடிக்கவில்லை. தோளில் விரல்கூட இல்லை. 'நா சொல்லுல' என்று தொட்டாள். பிறகு என்னைப் பார்த்து 'நீ' என்று தொட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது, சார். மையத்தில் எந்தப் பிள்ளையும் அவ்வளவு சுத்தமாகத் தொட்டதில்லை.

பலகையைக் கண்டாலே குழந்தைக்கு நடுக்கம் வருகிறது என்று அபிராமியிடம் சொன்னேன். அவளே அதை அடுப்பில் வைத்தாள். விரலைக் கடித்துக்கொள்கிறாள் என்று பனியன் துணியில் இரண்டு உறை தைத்து, மணிக்கட்டில் நாடா கட்டினேன். குளிக்கும்போது மட்டும் அவிழ்ப்பேன். இப்போது இரண்டு வருடமாகிறது. விரல் மடங்கிப்போய்விட்டது, கிளிப்கூடப் பிடிக்க வராது. ஆனால் நான்தான் குளிப்பாட்டுகிறேன், நான்தான் ஊட்டுகிறேன்.

கோர்ட்டில் இதைச் சொல்லுங்கள், எனக்குப் பயமில்லை. அதற்கு முன்னால் ஜெயிலில் கிட்டுசாமியிடம் சொல்லுங்கள். எழுதினது ஜெயபாண்டியின் பெண்டாட்டி, அவர் குடிக்காத ஜெயபாண்டி என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

கவிப்பிரியாவைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள். அவளுக்கு என்மேல் கோபம் எதுவும் கிடையாது. இருந்தால் இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளே.